நிழலும் நீரும் கூலியின் பகுதியே

சித்திரை பிறந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் நம் இல்லங்களில் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடுகிறது. பாட்டி வீட்டு வேப்பமர நிழலையும் ஆற்றுக் குளியலையும் எண்ணிக்கொண்டு பிள்ளைகள் நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் சேலத்துக்கும் ரயிலேறுகின்றனர். தாய்மார்களும் உடன் செல்கின்றனர். வழியனுப்பிவிட்டுத் தனியே திரும்பும் குடும்பத் தலைவர்களை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். அவர்கள் எங்கே திரும்புகின்றனர்? தாராவியின் தகரக் கூரைப் பட்டறைக்கும், செம்பூரில் எழும்பி வரும் மாடிக் கட்டடத்தின் சாரத்துக்கும், மாட்டுங்காவின் உணவு விடுதி அடுப்பங்கரைக்குமே திரும்புகின்றனர். ஊரில் உள்ளோர் நிழலில் இருப்பதற்காக இங்கே ஒருவர் வெயிலில் நிற்கிறார். அவரைப் பற்றியே இக்கட்டுரை.

சென்ற வைகாசியில் ஒரு பிற்பகல், தாராவியில் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் நண்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். அவர் வேலை செய்வது ஒரு தையல் பட்டறை. செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறித்தான் மேல்தளத்துக்குச் செல்லவேண்டும். அங்கே 14 பேர் இருந்தனர். தலைக்கு மேல் கை எட்டும் உயரத்தில் தகரம்; அதைத் தொட்டால் கை சுடும். ஒரு மூலையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த இளைஞர் தலை சுற்றுகிறது என்று இருமுறை உட்கார்ந்தார். மூன்றாம் முறை உட்கார்ந்தபோது மேஸ்திரி, “உடம்புக்கு முடியாவிட்டால் வீட்டுக்குப் போய்விடு, தம்பி. நாளைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். இளைஞர் மறுமொழி கூறவில்லை. எழுந்து முகத்தில் நீரைத் தெளித்துக்கொண்டு மீண்டும் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தார்.

அந்த மேஸ்திரி கொடியவர் அல்லர். அவரும் நம் ஊர்க்காரரே. இளைஞரின் தாலுகாவைச் சேர்ந்தவரே. அவர் முதுகிலும் வியர்வை வழிந்துகொண்டுதான் இருந்தது. மாலைக்குள் சரக்கை அனுப்பாவிட்டால் அடுத்த வேலை வேறு பட்டறைக்குப் போய்விடும் என்ற கவலை அவருக்கு. உருப்படிக் கணக்கில் கூலி வாங்கும் இளைஞருக்கோ, உட்கார்ந்த ஒவ்வொரு நிமிடமும் கூலியில் குறைவு. இருவரும் ஒரே தகரத்தின் கீழ் வெந்துகொண்டிருந்தனர்.

அந்த இளைஞருக்கு வேண்டியது என்ன? கால் மணி நேர ஓய்வு, குடிக்கக் குளிர்ந்த நீர், காற்று வரும் ஓர் இடம். இவற்றை ஒருவர் தனியே கேட்டால் சோம்பல் என்கிறார்கள். நூறு பேர் கூடிக் கேட்டால் கோரிக்கை என்கிறார்கள். அக்கோரிக்கை நாட்டின் ஏட்டில் ஏறிவிட்டால் சட்டம் என்கிறார்கள். கேட்ட பொருள் ஒன்றே. கேட்ட குரலின் எண்ணிக்கையே வேறு.

உடல் என்னும் இயந்திரம்

“வெயில் என்ன புதிதா? எங்கள் காலத்தில் இல்லாத வெயிலா?” என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். உண்மைதான், 1952 ஏப்ரல் மாதத்தில் சாந்தாகுரூஸில் 42.2 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. ஆனால் அன்று அப்படி ஒரு நாள் வந்துபோயிற்று. இன்று உலகம் முழுவதுமே சூடேறி நிற்கிறது. வெப்ப அளவைகள் தொடங்கிய நாளிலிருந்து இதுவரை கண்ட ஆண்டுகளுள் 2024-ஆம் ஆண்டே மிக வெப்பமானது என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகை வானில் போர்வையாகப் படிந்ததன் விளைவு இது. நம் நகரிலோ மரம் இருந்த இடத்தில் சிமெண்டும், சதுப்பு இருந்த இடத்தில் தாரும் வந்துவிட்டன. பகலில் குடித்த வெப்பத்தை அவை இரவில் உமிழ்கின்றன. பகலில் உழைத்த உடல் இரவிலாவது ஆறவேண்டும். அந்த ஆறுதலும் குறைந்துவருகிறது.

மேலும், மும்பையின் வெயிலை வெப்பமானி ஒன்றைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. மனித உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வையால். வியர்வை வெளிவந்தால் மட்டும் போதாது, அது உலரவேண்டும். உலரும்போதே உடலின் சூட்டை எடுத்துச் செல்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராமல் வழிந்து வீணாகிறது. ஆகவே உள்நாட்டு வறண்ட ஊரில் 40 டிகிரியைத் தாங்கும் உழைப்பாளி, கடலோர மும்பையில் 35 டிகிரியில் தளர்ந்துபோகலாம். கடலோர ஊர்களில் வெப்பம் 37 டிகிரியையேனும் எட்டி, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியேனும் மிகுந்தால்தான் வெப்ப அலை என்பது இந்திய வானிலைத் துறையின் அளவுகோல். அந்த அளவை எட்டாத நாளிலும் தகரத்தின் கீழ் ஓர் உயிர் தவித்துக்கொண்டிருக்கலாம்.

2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கரில் திறந்த வெளியில் நடந்த அரசு விருது விழாவை நாம் மறந்துவிடவில்லை. கொளுத்தும் வெயிலில் மணிக்கணக்கில் அமர்ந்திருந்தவர்களுள் 14 பேர் உயிரிழந்தனர். அன்று அவர்கள் மூட்டை சுமக்கவில்லை, சாரம் ஏறவில்லை, வெறுமனே அமர்ந்திருந்தார்கள். அப்படியானால் சுமப்பவர் நிலை என்ன?

வெப்பத்தின் தீங்கு மயக்கத்தோடு முடிவதில்லை. நீர் வற்றிய உடலில் சிறுநீரகம் நாளடைவில் பழுதடைகிறது. கழிவறை இல்லாத வேலையிடத்தில் பெண்கள் தண்ணீரைக் குறைத்தே குடிக்கின்றனர். துன்பம் அவர்களுக்கு இருமடங்காகிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டில் உழைக்கும் கருவுற்ற பெண்கள் ஏறத்தாழ 800 பேரை ஆராய்ந்து, 2024-இல் முடிவை வெளியிட்டனர். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, இறந்து பிறத்தல் ஆகிய அபாயங்கள் இருமடங்கு என்பது அவர்கள் கண்டது. வெயில் பிறவாத குழந்தையையும் தீண்டுகிறது.

ஓய்வு கேட்ட முதல் குரல்

ஓய்வு கேட்பது புதுமை என்று எண்ணுவோர் இந்நகரின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கவேண்டும். அன்றைய பம்பாயில் 1884-ஆம் ஆண்டு நாராயண் மேகாஜி லோகண்டே என்பார் பருத்தி ஆலைத் தொழிலாளரைக் கூட்டினார். சூரியன் உதிக்கும் முன்னே ஆலைக்குள் புகுந்து, மறைந்த பின்னே வெளிவந்த காலம் அது. ஏறத்தாழ 5,500 தொழிலாளர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று ஆணையத்தின் முன் வைக்கப்பட்டது. அதில் இருந்த கோரிக்கைகள் எவை? வாரம் ஒரு நாள் விடுமுறை, நண்பகலில் அரை மணி ஓய்வு, வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு, உரிய காலத்தில் சம்பளம், காயமுற்றவருக்கு உதவி. வார விடுமுறை 1890-இல் கிடைத்தது. இன்று நாம் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கக் கூட்டத்துக்கு வருகிறோமே, அந்த ஞாயிறு ஆலைத் தொழிலாளர் கேட்டுப் பெற்றது.

நம் தாயகத்திலும் கதை அதுவே. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைப் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர் அதில் சேர்ந்தனர். பி. பி. வாடியா தலைமை ஏற்றார், செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் அடித்தளம் இட்டனர், திரு. வி. க. தம் நாவன்மையை அச்சங்கத்துக்கு அளித்தார். அத்தொழிலாளரின் முதற் குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவு இடைவேளை போதவில்லை என்பதே. கோடைக்காலத்தில், சென்னை வெயிலில், உண்பதற்குச் சில நிமிடங்கள் கூடுதலாக வேண்டும் என்று தொடங்கிய குரல் அது. அதை ஒடுக்க ஆலை நிர்வாகம் நீதிமன்றம் வரை சென்றது. அவ்வழக்கின் எதிரொலியாகவே சங்கம் சேரும் உரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கிளர்ச்சி வலுத்து, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வெப்பத்தை மறக்கவில்லை. வேலையிடத்தில் காற்றோட்டமும் தாங்கத்தக்க வெப்பமும் இருக்கவேண்டும் என்றது. கூரைக்கு வெள்ளையடித்தல், நீர் தெளித்தல், கூரையை உயர்த்துதல் ஆகிய வழிகளையும் எடுத்துரைத்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தரவேண்டும் என்றது. ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு என்றது. லோகண்டே கேட்ட அரை மணி இவ்வாறு நாட்டின் சட்டமாயிற்று.

சட்டத்தின் வாயிலில் நிற்போர்

ஆனால் அன்பர்களே, நான் கண்ட அந்தத் தையல் பட்டறையை அச்சட்டம் எட்டிற்றா? ஏட்டளவில் எட்டிற்று. மின்விசையோடு 10 பேர் வேலை செய்தாலே தொழிற்சாலை என்றது பழைய சட்டம். அங்கே இருந்தவர்கள் 14 பேர். ஆயினும் ஆய்வாளர் யாரும் அந்த ஏணியில் ஏறி வந்ததை என் நண்பர் கண்டதில்லை.

இப்பொழுது நிலைமை மாறிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. மின்விசை உள்ள இடத்தில் 20 பேர், இல்லாத இடத்தில் 40 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்பது புதிய வரையறை. 10 பேர் உள்ள நிறுவனங்களுக்குக் காற்றோட்டம், குடிநீர் முதலிய பொதுக் கடமைகளைப் புதிய தொகுப்பும் விதிக்கிறது. எனினும் 14 பேர் கொண்ட அப்பட்டறை இன்று தொழிற்சாலை என்ற சொல்லுக்கு வெளியே நிற்கிறது. மத்தியத் தொழிற்சங்கங்கள் பல இத்தொகுப்புகளை எதிர்த்ததற்கு இது போன்ற மாற்றங்களும் காரணம். 10 பேருக்கும் குறைவான பட்டறைகளும், வீட்டிலிருந்தே இட்லி அவித்து விற்கும் தாய்மார்களும், நாக்காவில் நின்று அன்றாடம் வேலை தேடுவோரும் இவ்வாயிலின் அருகேகூட வரவில்லை.

அப்படியானால் ஒரே முதலாளி இல்லாதவர்களுக்குச் சங்கம் பயன்படாதா? பயன்படும் என்பதற்கு மகாராஷ்டிரமே சான்று. மாத்தாடி எனப்படும் தலைச்சுமைத் தொழிலாளர்கள் இன்று ஒரு கடை, நாளை ஒரு கிடங்கு என்று சுமப்பவர்கள். யாரை முதலாளி என்று சொல்வது? அண்ணாசாகேப் பாட்டீல் போன்றோர் அவர்களை ஒன்றுதிரட்டிப் போராடினர். அதன் பயனாக 1969-இல் மாத்தாடிச் சட்டம் வந்தது. வாரியங்கள் அமைந்தன. கடைக்காரர்கள் கூலியையும் அதன்மேல் ஒரு பங்கையும் வாரியத்தில் செலுத்த, வாரியம் தொழிலாளிக்குக் கூலியும் சேமநல நிதியும் மருத்துவ உதவியும் அளிக்கும் முறை ஏற்பட்டது. பல முதலாளிகளின் கீழ் உழைப்பவருக்கும் பாதுகாப்பு இயலும் என்பதை அச்சட்டம் காட்டிவிட்டது.

நகரின் குப்பையை அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளர் கதையும் அத்தகையதே. கச்ரா வாஹதூக் சிரமிக் சங்கம் என்ற அமைப்பில் சேர்ந்து அவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். மாநகராட்சியில் 2,700 பேரை நிரந்தரமாக்கும் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2017-இல் உறுதி செய்தது. நிரந்தர வேலை என்பது சம்பளத்தை மட்டும் குறிப்பதன்று. வெயிலில் மயங்கி ஒரு நாள் படுத்தால் வேலை போய்விடாது என்ற நிம்மதியையும் குறிப்பது.

கூலி இழப்புக்கு ஈடு

வெயிலுக்கென்றே தனியாக ஒரு வழி கண்ட சங்கமும் உண்டு. அது குஜராத்தில் எலா பட் அம்மையார் 1972-இல் தொடங்கிய சேவா என்னும் சுயதொழில் மகளிர் சங்கம். காய்கறி விற்போர், உப்பளத்தில் உழைப்போர், குப்பை பொறுக்குவோர் அதன் உறுப்பினர். வெயிலில் வேலையை நிறுத்தினால் அன்றைய உலை எரியாது என்பதே அப்பெண்களின் சங்கடம். இதற்காக 2023-இல் 21,000 பெண்களுக்கு வெப்பக் காப்பீடு தொடங்கப்பட்டது. குறித்த அளவுக்கு மேல் வெப்பம் ஏறினால், விண்ணப்பமும் மருத்துவச் சான்றும் இன்றியே பணம் வந்து சேரும். 2024-இல் இத்திட்டம் குஜராத், இராஜஸ்தான், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் 22 மாவட்டங்களில் ஏறத்தாழ 50,000 பெண்களுக்கு விரிந்தது; அவர்களுள் பெரும்பாலோர்க்குப் பணம் கிடைத்தது. தொகை சிறியதே. ஆயினும் இன்று வீட்டில் இரு, நாளை உயிரோடு வேலைக்குப் போ என்று சொல்லும் துணிவை அது ஒரு தாய்க்கு அளிக்கிறது.

வளைகுடா நாடுகளில் நம் உறவினர் பலர் கட்டட வேலையில் இருக்கின்றனர். கத்தார் நாட்டில் 2021 முதல் ஜூன் 1 தொடங்கிச் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்த வெளி வேலைக்குத் தடை. வெப்பம், ஈரம், வெயில், காற்று ஆகிய நான்கையும் சேர்த்து அளக்கும் அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரத்திலும் வேலை நிற்கவேண்டும். அந்நாட்டு ஆட்சியாளர் தாமே மனமிரங்கிச் செய்தது மட்டுமன்று இது. உலகத் தொழிற்சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் எழுப்பிய கண்டனமும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆய்வும் பின்னே நின்றன. கேரளத்திலும் கோடைதோறும் நண்பகல் 12 முதல் 3 வரை வெயில் வேலையை நிறுத்தத் தொழிலாளர் துறை ஆணையிடுகிறது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்லதே. ஆனால் இறந்தபின் தரும் 4 இலட்சத்தைவிட, இருக்கும்போது தரும் கால் மணி ஓய்வு பெரிதன்றோ?

“ஓய்வு கொடுத்தால் நட்டம் வருமே” என்பார் பட்டறை உடையவர். ஓய்வு கொடாவிட்டாலும் நட்டம் வரத்தான் செய்கிறது. இந்தியா 2030-இல் தன் வேலை நேரத்தில் 5.8 விழுக்காட்டை வெப்பத்தால் இழக்கும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் கணக்கிட்டது. அது 3.4 கோடி பேரின் முழுநேர வேலைக்குச் சமம். சோர்ந்த கை தையலைத் தவறவிடுகிறது. மயங்கிய கால் சாரத்திலிருந்து வழுக்குகிறது. ஓய்வின் செலவு கணக்கில் எழுதப்படுகிறது. ஓய்வின்மையின் செலவு எழுதப்படுவதில்லை. வேற்றுமை அவ்வளவே.

நாம் செய்யக்கூடியது

நம் சமூகத்தில் தொழிலாளியும் நாமே, மேஸ்திரியும் நாமே, பட்டறை உடையவரும் நாமே. இது ஒரு சங்கடம். ஒரு வாய்ப்பும் ஆகும். ஊர்ப் பாசத்தைக் காட்டி உரிமைக் குரலை அடக்குவது எளிது. அதே பாசத்தைக் கொண்டு ஒரே மேசையில் அமர்ந்து பேசுவதும் எளிதே.

ஒரு சந்தில் உள்ள பட்டறைகள் அனைத்தும் சேர்ந்து, பங்குனி முதல் வைகாசி வரை நண்பகலில் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்த முடிவு செய்யலாம். எல்லோரும் நிறுத்தினால் எவருடைய வேலையும் அடுத்தவருக்குப் போகாது. மேஸ்திரியின் கவலைக்கு அதுவே மருந்து. உருப்படிக் கூலி பெறுவோருக்கு அந்நேரத்துக்கு ஒரு சிறு படி தரலாம். தகரத்தின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெயில் ஓரளவு திரும்பிப் போகும். 1948-இல் சட்டம் சொன்ன எளிய வழி இன்றும் எளியதே. புதிதாக வேலைக்கு வந்தவர், விடுமுறை கழிந்து திரும்பியவர் ஆகியோருக்கு முதல் வாரத்தில் கடுமையான வேலை தராமல் உடலைப் பழகவிடவேண்டும். ஒருவர் பேச்சுக் குழறித் தள்ளாடினால் அது சோம்பலன்று, உயிருக்கு ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, நீர் ஊற்றி விசிறி, மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வசிக்கும் அன்பர்கள் இது தாராவியின் செய்தி என்று ஏட்டை மூடிவிடலாகாது. நம் வீட்டுப் பாத்திரம் துலக்க வரும் அம்மையார், மாடி ஏறிப் பொருள் கொணரும் இளைஞர், வாயிலில் நிற்கும் காவலர் ஆகியோருக்கு முதலாளி யார்? நாமே. ஒரு குவளை மோரும், மின்விசிறியின் கீழ் ஒரு நாற்காலியும், லிஃப்டில் ஏறும் அனுமதியும் தருவதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டுமா?

எனினும் மோர் கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. மோர் தருபவர் நாளை மறந்துவிடலாம், உரிமை மறப்பதில்லை. ஆகவே உழைக்கும் நம் சகோதரர்கள் தத்தம் தொழிலுக்குரிய சங்கத்தில் சேரவேண்டும். கட்டட வேலை செய்வோர் ஆண்டில் 90 நாள் உழைத்தமைக்குச் சான்று பெற்று நல வாரியத்தில் பதிந்துகொள்ளவேண்டும். அமைப்புசாராத் தொழிலாளர் இ-சிரம் அட்டை எடுக்கவேண்டும். படிவம் நிரப்பத் தெரிந்த நம் இளைஞர்கள் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சங்க அலுவலகத்தில் அமர்ந்து எழுதிக்கொடுத்தால், அது கோயில் திருப்பணிக்கு நிகரான தொண்டாகும்.

அடுத்த கோடை தொலைவில் இல்லை. நாம் ரயிலேறி நிழலைத் தேடிச் செல்லும் அந்நாளில், அந்த மேல்தளத்தில் இஸ்திரிப் பெட்டியோடு நிற்கும் தம்பி மூன்றாம் முறை உட்காரும்போது, “சற்று இரு; தண்ணீர் குடி; எல்லோருமே நிறுத்தியிருக்கிறோம்” என்று மேஸ்திரி சொல்லவேண்டும். அந்தச் சொல்லை அவர் வாயில் வரவழைப்பது நம் அனைவரின் கூட்டு முயற்சியில் இருக்கிறது.